ஆயிரம் பவுண்டு ரகசியம்

1760ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் தாமஸ் பிரெய்ட்வுட் என்ற வாத்தியாரைத் தேடி ஒரு பணக்கார வியாபாரி வந்தார். கூடவே அவருடைய மகன், சார்லஸ் ஷெரிஃப். சின்ன வயதிலேயே காது போய்விட்ட பையன். பேச்சும் இல்லை. எழுதப் படிக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்பதுதான் அப்பாவின் வேண்டுகோள். பிரெய்ட்வுட் அத்தோடு நிற்கவில்லை. ஒரு சிறிய வெள்ளிக் கம்பியை எடுத்தார். அதன் நுனியைப் பையனின் வாய்க்குள் விட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் நாக்கு எங்கே நிற்க வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். சில ஆண்டுகளில் பையன் பேசினான்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. வீடே பள்ளிக்கூடம் ஆனது. 1773ல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனே அந்தப் பள்ளியைப் பார்க்க வந்து வியந்துபோனார். முதல் மாணவன் ஷெரிஃப் வளர்ந்து ஓவியரானார். உள்ளங்கை அளவு தந்தத் தகட்டில் முகம் வரைவதில் பெயரெடுத்தார். 1790களில் கப்பலேறி அவர் வந்து இறங்கிய ஊர் சென்னை. சேலம் சீமை அப்போதுதான் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு மாறியிருந்தது. கம்பெனி அதிகாரிகளான கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் சங்கிலி பிடித்து வயல்களை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், காது கேளாத குழந்தைக்கும் படிப்பு வரும் என்பதற்கு உயிருள்ள சாட்சியாக ஒருவர் இந்த மாகாணத்தில் நடமாடிக்கொண்டிருந்தார். சாட்சி வந்ததே தவிர, சூத்திரம் வரவில்லை. சூத்திரம் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

பரம்பரை வைத்தியர் சாகும் தறுவாயில் மகனின் காதில் மட்டும் மூலிகைப் பெயரை ஓதுவாரே, அதே கதைதான். பிரெய்ட்வுட் தன் முறையை மருமகனுக்கும் உறவினருக்கும் சொல்லிக்கொடுத்தார்; வெளியாட்களுக்கு மூச்சுவிடவில்லை. நல்ல கட்டணம் வந்துகொண்டிருந்த தொழில், விட மனமில்லை. குறை சொல்லவும் முடியாது, அந்தக் காலத்தில் எல்லாத் தொழிலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் கடல் தாண்டிப் பாரிஸில் ஒரு பாதிரியார் நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் ஷார்ல் மிஷெல் தெ லெப்பே. ஏதோ வேலையாக ஒரு வீட்டுக்குப் போனவர், உள்ளே இரண்டு பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பேச்சுக் கொடுத்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. தாய் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்குமே பிறவியிலேயே காது கேட்காது. அன்று தொடங்கிய பாடம் ஒரு பள்ளியாக வளர்ந்தது. லெப்பே சைகையால் கற்பித்தார். பாடம் நடத்துவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து காசு கொடுக்காமல் கற்றுக்கொண்டு போனார்கள். எடின்பரோவில் பூட்டு, பாரிஸில் திறந்த கதவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அமெரிக்க இளைஞர் வந்து மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் பாதிரியார் ஆவதற்குப் படித்தவர். உடம்புக்கு முடியாமல் 1814ல் ஹார்ட்ஃபோர்ட் ஊரில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தார். தோட்டத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் ஓரமாக நின்றாள். பக்கத்து வீட்டு டாக்டர் காக்ஸ்வெல்லின் மகள் ஆலிஸ். காய்ச்சலில் காது போனவள். காலடெட் தன் தொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு குச்சியால் மண்ணில் 'தொப்பி' என்று ஆங்கிலத்தில் எழுதினார். மண்ணில் இருக்கும் கோடுகளுக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துபோனது. டாக்டர் காக்ஸ்வெல் பார்த்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பணம் திரட்டினார். பள்ளி தொடங்கலாம், ஆனால் பாடம் நடத்த யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். 1815 மே மாதம் காலடெட் கப்பல் ஏறினார்.

லண்டனில் பிரெய்ட்வுட்டின் உறவினர் ஜோசப் வாட்சன் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். கற்றுத்தருகிறேன், ஆனால் மூன்று வருஷம் இங்கேயே காலை முதல் இரவு வரை உதவி ஆசிரியராக உழைக்க வேண்டும் என்றார். காலடெட் திகைத்தார். எடின்பரோ போனால் நடக்கும் என்று நம்பிக் கிளம்பினார். அங்கே ராபர்ட் கின்னிபரோ நல்ல மனிதர், சொல்லிக்கொடுக்க மனமும் இருந்தது. ஆனால் பிரெய்ட்வுட் குடும்பம் அவருக்குப் பயிற்சி கொடுத்தபோதே ஒரு பத்திரம் எழுதி வாங்கியிருந்தது: ஏழு ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் இந்த முறையைக் கற்பிக்கக்கூடாது, மீறினால் ஆயிரம் பவுண்டு அபராதம். கெடு முடிய இன்னும் ஆண்டுகள் இருந்தன. இதில் பெரிய கூத்து, பிரெய்ட்வுட்டின் பேரன் ஜான் அதே சமயத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தார், பள்ளி வைக்கிறேன் என்று வாங்கிய பணத்தைக் குடியிலும் சூதிலும் கரைத்துக்கொண்டு. ரகசியத்தைக் காத்த குடும்பத்தால் வாரிசைக் காக்க முடியவில்லை. காலடெட்டின் கைப்பணமும் கரைந்துகொண்டிருந்தது. வெறுங்கையோடு திரும்புவதா?

இந்த இடத்தில்தான் நெப்போலியன் உதவிக்கு வந்தார். அவருக்கே தெரியாமல்.

எல்பா தீவிலிருந்து தப்பிவந்து நெப்போலியன் மறுபடி பாரிஸைப் பிடித்தபோது, லெப்பேயின் வாரிசாகப் பள்ளியை நடத்திய அபே சிகார் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அரச விசுவாசி, உயிர் பயம். சும்மா இருக்க முடியாமல் தன் இரண்டு மாணவர்களை மேடையேற்றிப் பொதுமக்கள் முன்னால் செய்துகாட்டும் கூட்டங்களை நடத்தினார். பார்வையாளர்கள் தத்துவக் கேள்விகள் கேட்பார்கள். காது கேளாத இருவரும் பலகையில் பதில் எழுதுவார்கள். எடின்பரோ போவதற்கு முன்பு, வாட்சனின் பதிலுக்காக லண்டனில் காத்துக்கிடந்த நாட்களில், காலடெட் அப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தார். சிகார் அவரைப் பாரிஸுக்கு அழைத்தும் இருந்தார். எடின்பரோவின் கதவு சாத்தப்பட்டதும் அந்த அழைப்பு நினைவுக்கு வந்தது. 1816 வசந்தத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே காசும் கேட்கவில்லை, பத்திரமும் கேட்கவில்லை.

ஆனால் முழுதாகக் கற்றுக்கொள்ள நேரமும் பணமும் இல்லை. காலடெட் ஒரு குறுக்கு வழி யோசித்தார். மேடையில் பார்த்த இரண்டு மாணவர்களில் ஒருவர் லோரான் கிளேர்க், 30 வயது, இப்போது அதே பள்ளியில் ஆசிரியர். குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்தவர். கன்னத்தில் அந்த வடு. படிப்பை எடுத்துக்கொண்டு போக முடியாவிட்டால் படித்தவரையே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். கிளேர்க் சம்மதித்தார். கடலில் 52 நாள். கிளேர்க் சைகை கற்றுக்கொடுக்க, காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். காது கேளாதவர் ஆசிரியர், காது கேட்பவர் மாணவர். உலகின் மிக விசித்திரமான ஆசிரியர் பயிற்சி வகுப்பு அட்லாண்டிக் கடல்மேல் நடந்தது.

1817 ஏப்ரல் 15ல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. ஆலிஸ் முதல் மாணவிகளில் ஒருத்தி. கிளேர்க்கிடம் பயின்றவர்கள் மற்ற மாநிலங்களுக்குப் போய்ப் பள்ளிகள் தொடங்கினார்கள். காலடெட் தன் மாணவி சோஃபியா ஃபவுலரையே மணந்தார். அவர்களுடைய கடைசி மகன் எட்வர்ட், காது கேளாத அம்மாவின் கையசைவைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர். 20 வயதில் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்குத் தலைவரானார். 1864ல், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, அந்தப் பள்ளிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் தரும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். காது கேளாதவர்களுக்கென்று ஒரு கல்லூரி பிறந்தது. அடுத்த ஆசை எட்வர்டுக்கு இன்னும் பெரிது: இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் கல்லூரி அளவில், பட்டத்தோடு உருவாக்க வேண்டும். 1891ல் அதற்காக நாடாளுமன்றத்திடம் பணம் கேட்டார். எதிர்த்து நின்றார் ஒருவர். சாதாரண ஆள் இல்லை.

டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவருடைய அம்மாவுக்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. அவரே காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தவர். எட்வர்ட், பெல் இரண்டு பேருக்குமே தாய் காது கேளாதவர். வந்து சேர்ந்த முடிவுகள்தான் வடக்கும் தெற்கும். 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சுமுறையையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். எட்வர்ட் அந்த மாநாட்டில் எதிர்த்து வாதாடித் தோற்றவர். பெல் பேச்சுமுறைப் பக்கம். எட்வர்டின் திட்டத்தில் காது கேளாத பட்டதாரிகளே ஆசிரியர்களாகிவிடுவார்கள், சைகை பெருகிவிடும் என்பது அவர் பயம். அவர் செல்வாக்கால் கேட்ட உதவி கிடைக்கவில்லை. எட்வர்ட் கைவசம் இருந்ததைக் கொண்டே துறையைத் தொடங்கினார். ஒரு விலை கொடுத்துத்தான்: சேர்க்கை காது கேட்பவர்களுக்கு மட்டும்.

கல்லூரிப் பட்டதாரிகள் வந்து சேர்ந்து, காது கேளாதோருக்குக் கற்பிக்கும் கலையைப் படித்து, முதுகலைப் பட்டம் வாங்கிப் போகும் வழி அப்படித்தான் திறந்தது. கிளேர்க் உயிரோடு வந்து விண்ணப்பித்திருந்தால் அந்த வகுப்பில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. பல பத்தாண்டுகள் அந்த விதி அப்படியே இருந்தது. ஆனால் தோல் நிறம் வேறாக இருந்த ஒருவருக்கு, அதுவும் அடிமை நாட்டிலிருந்து போனவருக்கு, இடம் கிடைத்தது.

கல்கத்தாவில் 1893ல் நான்கைந்து பேர் கூடி ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஜாமினி நாத் பானர்ஜி இளைஞர். முறையாகக் கற்றுவர அவரை அனுப்பினார்கள். இங்கிலாந்து போய், அங்கிருந்து 1890களின் நடுவில் வாஷிங்டன் போய் எட்வர்டின் வகுப்பில் உட்கார்ந்தார். எடின்பரோவில் கிடைக்காமல் போன படிப்பு, பாரிஸ், ஹார்ட்ஃபோர்ட், வாஷிங்டன் என்று சுற்றி, ஒரு வங்காளியின் கைவழியாக இந்தியாவுக்குள் வந்தது. திரும்பிவந்த பானர்ஜி கல்கத்தா பள்ளிக்குத் தலைமை ஏற்றார். தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

பாளையங்கோட்டையில் கிட்டத்தட்ட அதே காலத்தில், பட்டம் எதுவும் இல்லாமல், இரண்டு மிஷனரிப் பெண்கள் தொடங்கிவிட்டிருந்தார்கள். 1890 வாக்கில் ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத ஒரு பையனுக்குப் புள்ளி எழுத்தில் தமிழ் கற்பிக்க ஆரம்பித்தார். சில ஆண்டுகள் கழித்து ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் நடக்கின்றன. ஆசிரியர்கள் பள்ளிக்குள்ளேயே பார்த்துப் பழகி உருவானார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியா முழுவதும் இதுதான் நடைமுறை: பள்ளியோடு ஒட்டிய ஒரு சான்றிதழ்ப் பயிற்சி, தருமச் சிந்தனை, கொஞ்சம் சம்பளம். பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பி.எட். படிப்பு வேறு உலகம், இது வேறு உலகம்.

சுவரை உடைத்தது ஒரு சிக்கனக் கணக்கு. 1964ல் அமைத்த கோத்தாரி கல்விக் குழு, குறைபாடு உள்ள பிள்ளைகளையும் முடிந்தவரை சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கச் சொன்னது. நாடு முழுக்க விடுதியோடு தனிப்பள்ளி கட்டக் காசு ஏது? 1974ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளை உள்ளூர்ப் பள்ளிக்கு வந்துவிட்டது. பாடம் நடத்தத் தெரிந்தவர்தான் பள்ளியில் இல்லை. 1980களில் கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இதற்கான ஆசிரியர்களை உருவாக்க இறங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து பி.எட்., எம்.எட். அளவில் துறைகளைத் தொடங்கவைத்தது. ஆளுக்கொரு பாடத்திட்டம், ஆளுக்கொரு சான்றிதழ். யார் அசல், யார் போலி என்று சொல்ல யாருமில்லை.

1986ல் ஒரு சங்கமாகப் பதிவான இந்திய மறுவாழ்வுக் குழுமம், 1992ல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று, 1993 ஜூன் 22 முதல் சட்ட அமைப்பானது. சட்டத்தின் 13ஆம் பிரிவு கறாரானது: குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தப் பணியைச் செய்யக்கூடாது, செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் பவுண்டு பத்திரம் கற்பிப்பதைத் தடுத்தது. ஆயிரம் ரூபாய்ச் சட்டம் கற்றுக்கொள்ளாமல் கற்பிப்பதைத் தடுத்தது. இதில் ஒரு சங்கடம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளோடு கழித்து, கையில் எந்தக் காகிதமும் இல்லாதவர்களும் ஒரே நாளில் சட்டவிரோதமானார்கள். அவர்களுக்காக இணைப்புப் பயிற்சி என்று ஒன்றைக் குழுமம் நடத்த வேண்டிவந்தது. நரைத்த தலைகள் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தன.

பெயருக்குப் பின்னால் பி.எட். சிறப்புக் கல்வி, எம்.எட். சிறப்புக் கல்வி என்று போட்டு, கூடவே ஒரு பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளும் பட்டம் இப்படித்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகவும் ஆனது.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு என்றால் முதலில் பஸ் பயணம். மேற்கே போனால் கோவை அவினாசிலிங்கம், ராமகிருஷ்ணா. தெற்கே போனால் திருச்சியில் ஹோலி கிராஸும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும். வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை பி.எட். கைகொடுத்தது. ராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் சனி, ஞாயிறு வகுப்புக்குப் புறப்பட்டவர்களில் பலருக்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. தம்பி, மகள், அக்கா பையன்.

வகுப்பில் கற்றது பார்வைக்கு அற்பமாக இருக்கும். சட்டைப் பொத்தான் போடக் கற்பிப்பது ஒரு பாடம். முதல் பொத்தானில் ஆரம்பித்தால் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை பாதியில் சோர்ந்துவிடும். அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டிலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும் ஆசிரியரே செய்து, துளையில் பாதி நுழைந்து நிற்கும் பொத்தானை இழுத்துவிடுவது மட்டும் குழந்தையின் வேலை. இழுத்தது, முடிந்தது, சட்டை போட்டாகிவிட்டது. வெற்றி குழந்தையுடையது. மறுவாரம் கடைசிக்கு முந்தைய துண்டு. எம்.எட். வந்தால் இதையே ஒரு குழந்தையிடம் வாரக்கணக்கில் செய்து, அளந்து, வரைபடம் போட்டு ஆய்வேடாக எழுத வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத பாடங்களைக் களம் நடத்தியது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் காது கேட்கும் கருவியை மாட்டினால், குழந்தைக்கு முதலில் பெரிதாகிக் கேட்பது அம்மாவின் குரலல்ல, தறியின் சத்தம்தான். பிடுங்கி எறிந்துவிடும். கருவி சரியில்லை என்று வீட்டார் பரணில் போட்டுவிடுவார்கள். தறி நிற்கும் நேரம் பார்த்துப் பயிற்சியை வைக்க வேண்டும் என்பது அந்த ஊர் வீதியில் நடந்தவருக்குத்தான் தெரியும். சர்வ சிக்ஷா அபியான் வந்தபின் வட்டார வள மையங்களில் அமர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கே டூவீலரில் போய் இந்த வேலையைச் செய்தார்கள். ஆனால் தொகுப்பூதியத்தில்.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. இந்திய சைகை மொழி கற்பிப்பதற்கென்று ஒரு பட்டயப் படிப்பும் வந்தது. அதில் சேரக் காது கேளாதவராக இருப்பதே தகுதி. 1891ல் வாஷிங்டனில் சாத்திய கதவு இங்கே தலைகீழாகத் திறந்தது. ஆசிரியர் வேலை விஷயமோ உச்ச நீதிமன்றப் படியேறியது. இத்தனை பட்டதாரிகள் இருந்தும் பள்ளிகளில் ஏன் நிரந்தரப் பணியிடம் இல்லை என்று 2021 அக்டோபரில் நீதிமன்றம் கேட்டது. மறுவருடம் மத்திய அரசு விகிதம் அறிவித்தது: தொடக்க வகுப்பில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அந்த விகிதப்படி பணியிடங்களை உருவாக்கி நிரப்பச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனது.

தமிழ்நாட்டின் வட்டார வள மையங்களில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலோர் வாங்குவது இன்னும் தொகுப்பூதியம்தான். உத்தரவு கையில் இருக்கிறது, பட்டதாரிகளும் இருக்கிறார்கள். பணியிடங்களை நிரந்தரமாக்கி நிரப்ப வேண்டியது அரசு.